பூ ஒட்டிய முகம்

பெருநாளன்று எங்கள் பக்கத்துப் பெண்களின் வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களைப் பார்க்கிற வெளியூர்க்காரர் யாரும், இந்தக் கரையில் பிள்ளைகளுக்குப் பதிலாகப் பூக்கள்தான் புதுச்சட்டை போடுகின்றன என்று நினைத்துக்கொள்ளலாம். கழுத்துவரைக்கும் ஆள், அதற்கு மேலே ரோசாப்பூ. குடும்பப் படம் என்றால் வாப்பாவும் ஆண்பிள்ளைகளும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். உம்மாவுக்கும் குமர்ப் பிள்ளைகளுக்கும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பூ இருக்கும், அல்லது இதயமோ வண்ணத்துப்பூச்சியோ இருக்கும். படமும் போடவேண்டும், முகமும் தெரியக்கூடாது. இதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. நானும் ஒட்டியவள்தான்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து ஒட்டினேன். சூரியகாந்தியைத் தெரிவு செய்தது அவளே. பெரிய பூ, ஒரே தட்டில் முழு முகமும் மூடிவிடும். அவளுடைய இடது கன்னத்தில் காதோரத்திலிருந்து வாயருகே வரைக்கும் ஓர் எண்ணெய்த் தழும்பு உண்டு. பூ ஒட்டியது அதற்காக அல்ல. எல்லாரும் ஒட்டினார்கள், நானும் ஒட்டினேன். இந்த வசனத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இதில் எங்களுடைய மடத்தனம் என்னவென்றால், முகத்தை மறைத்தால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நம்பியதுதான். எங்கள் ஊரில் யார் யாரை முகம் பார்த்து அடையாளம் கண்டார்கள்? நான் புத்தளத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். காலை பஸ்ஸில் கறுப்பு ஹபாயாவும் முகத்திரையுமாகப் பத்துப் பெண்கள் ஏறினால் பத்துப் பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தியை நடையில், ஒருத்தியைச் செருப்பில், ஒருத்தியைக் குடையைக் கக்கத்தில் இடுக்குகிற விதத்தில். எத்தாளை ஊரில் ஏறுகிற ஓர் அக்காவின், எங்கள் பேச்சில் தாத்தாவின், முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அவர் இருமினாலே, பின்னுக்குத் திரும்பாமல் சலாம் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, முகத்தில் ஒரு பூவை வைத்தால் பிள்ளை பத்திரம் என்று நினைத்தேனே, என்னை என்னவென்று சொல்வது.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று எடுத்த படத்தில் இது தொடங்கியது. மகள் பத்தாந் தரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். புதுச் செருப்பு குதியைக் கடித்துவிட்டது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அவளுடைய வாப்பாவின் பெரிய இறப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நீண்ட பச்சைச் சட்டை, கீழே இரண்டு படகு. நான் முகத்தில் சூரியகாந்தியை ஒட்டி ஸ்டேட்டஸில் போட்டேன். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் உம்மாமார் பாதிப் பேருடைய இலக்கம் என் போனில் இருக்கிறது. அந்தப் போன்கள் உம்மாமாரின் கையில் இருப்பதைவிடப் பிள்ளைகளின் கையில் இருக்கிற நேரம்தான் கூட.

அதில் ஒரு பிள்ளை படத்தை அப்படியே எடுத்து, மகளை மட்டும் வெட்டி, ஸ்டிக்கர் செய்து வகுப்புக் குரூப்பில் போட்டது. பூத்தலை, பச்சைச் சட்டை, படகுச் செருப்பு. மகளே சிரித்துக்கொண்டு வந்து காட்டினாள். நானும் சிரித்தேன். "நல்ல வடிவாத்தானே இரிக்கி" என்றேன். அன்றைக்கே அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு ஒரு போன் கோல் எடுத்து நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என் வாய்க்கு அது பெரிய வேலையல்ல. சிரித்துவிட்டேன்.

அடுத்த கிழமை பூவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பப்பாசிப்பழத்தை வைத்தார்கள். பிறகு கருவாட்டுத் தலை, பிறகு சட்டி மூடி. அதன் பிறகு ஒருவர், "பூவுக்குப் பின்னால என்ன?" என்று கேள்வி போட்டு ஒரு ஸ்டிக்கர் விட்டார். ஆளுக்கு ஆள் விடை சொல்லத் தொடங்கினார்கள். இவர்கள் எல்லாரும் முதலாந் தரத்திலிருந்து அவளோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தினமும் பார்த்தவர்கள். கடைசியாக வந்த விடையில் படமே இல்லை, எழுத்துத்தான். "உம்மாக்கே பார்க்க ஏலாத மூஞ்சி."

அதன் பிறகு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. அடுத்த நாள் தலையிடி. மூன்றாம் நாள் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து, சப்பாத்தின் நாடாவைக் கட்டாமல் கதிரையில் இருந்தாள். வேன் வந்து ஹோன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த வருடம் ஓ.எல். பரீட்சை வைத்திருக்கிற பிள்ளை இரண்டு கிழமை பாடசாலைக்குப் போகவில்லை. மருந்து வாங்கிக் கொடுத்தேன், ஏசினேன், ஓதிப் பார்க்கவும் கூட்டிப்போனேன். அவளுடைய வாப்பா இயந்திரப் படகுகளின் இன்ஜின் திருத்துகிறவர். அவர் வேலைக்குப் போன பிறகு ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள்.

"யாருக்கிட்டயும் சொல்லமாட்டேண்டு சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்."

"வல்லாஹி சொல்லுங்க."

"வல்லாஹி, சொல்லமாட்டேன் மகள்."

அல்லாஹ்வின் மீது சத்தியம். அதைச் சொன்ன பிறகுதான் போனை என் கையில் தந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைசி எழுத்தில் என் விரல் நின்றுவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மா, உண்மையச் சொல்லுங்க. ஒங்களுக்கு என்ட மூஞ்சப் பார்க்க ஏலாதா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பயந்தால் எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம். "என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" என்று சத்தம் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். அந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. விடை சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லாமல், போனை எடுத்து இன்னோர் ஆளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த இன்னோர் ஆள் என் கூட்டாளி. கூட்டாளி என்றால் சும்மா சொல்லுக்கு அல்ல. முதலாந் தரத்திலிருந்து உயர்தரம் வரைக்கும் ஒரே வகுப்பு. என் கலியாணத்துக்கு எனக்கு மருதாணி போட்டவள் அவள். அவளுடைய உம்மா மௌத்தானபோது அந்த மரண வீட்டில் மூன்று நாளும் சோறு பரிமாறியவள் நான். அவள் ஆசிரியையானாள். மகள் படிக்கிற பாடசாலையில்தான் இருக்கிறாள். அங்கே மாணவர்களின் கஷ்டங்களைக் கேட்கிற ஆலோசனைப் பொறுப்பும் அவளுடையதுதான். இவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இவளிடம் சொன்னால் அது வெளியே சொன்னதாகுமா? சத்தியத்தை முறிக்க என் மனது அப்படியொரு நியாயத்தைக் கண்டுபிடித்துத் தந்தது.

வட்ஸ்அப்பில் நீளமாக ஒரு வொய்ஸ் அனுப்பினேன். அழுதுகொண்டு பேசியதில் எனக்கே தெரியாமல் பன்னிரண்டு வருடமாக மூடிவைத்திருந்த ஒன்றும் வெளியே வந்துவிட்டது. மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, நோன்பு மாதம், நோன்பு திறக்க நேரம் கிட்டிவிட்ட அவசரத்தில் சமோசா பொரித்துக்கொண்டிருந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து இழுத்து என்னவோ கேட்டாள். எரிச்சலில், கையிலிருந்த எண்ணெய்க் கரண்டியோடு சட்டென்று திரும்பினேன். அவ்வளவுதான் நடந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது பிள்ளை சட்டியை இழுத்துவிட்டது என்று சொன்னேன். அவளுடைய வாப்பாவிடமும் அப்படியே சொன்னேன். அவள் வளர்ந்து கேட்டபோது அவளிடமும் அதையே சொன்னேன். "சின்ன வயசுல நான் சரியான குழப்படிதானே உம்மா" என்று அவள் சிரித்தபோதுகூட நான் வாய் திறக்கவில்லை.

கூட்டாளி உடனே எனக்குப் போன் எடுத்தாள். "நீ ஒண்டுக்கும் யோசிக்காத புள்ள. எனக்கிட்டத் தந்துட்டாய்தானே. ஒண்ட புள்ள வேற, என்ட புள்ள வேறயா? அந்த ஸ்டிக்கர் எல்லாத்தயும் எனக்கு அனுப்பு. பிரின்சிபலுக்கும் தெரியாம நான் முடிச்சித் தாரேன்."

மகள் குளிக்கப்போன நேரத்தில் அவளுடைய போனிலிருந்து ஸ்டிக்கர்களை எடுத்து அனுப்பினேன். அனுப்பியதை அழித்தும் விட்டேன். கள்ளத்தனத்துக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில நாட்களில் கூட்டாளி வேறொரு யோசனை சொன்னாள். தனியாக அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தால், சொல்லிக்கொடுத்தது யார் என்று தெரிந்துவிடும். அதனால் முழுப் பாடசாலைக்கும் பெற்றாருக்கும் சேர்த்து இணையத் தொல்லையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வைப்போம், பொதுவாகப் பேசுவோம், உறைக்கவேண்டியவர்களுக்கு உறைக்கும் என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. என் பிள்ளை ஒருத்திக்காக ஒரு பாடசாலையையே கூட்டுகிறாளே என்று பெருமைப்பட்டேன்.

மகளைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. மூன்று நாள் கெஞ்சினேன்.

"மிஸ்ஸுக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவக்கென்ன தெரியும்? எல்லா ஸ்கூல்லயும் செய்றாங்கதானே. பொதுவாத்தான் கதைப்பா. நீ சும்மா வந்து இரி."

நான் சொன்னால் நம்புகிற பிள்ளை அவள். வந்தாள்.

அன்று அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பிரதான மண்டபத்தில் ஒரு பக்கம் பெற்றார், மறுபக்கம் மாணவர். கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். கூட்டாளி எனக்கு முன்வரிசையில் கதிரை வைத்திருந்தாள். மகள் பத்தாந் தரப் பிள்ளைகளுக்கு நடுவே, தூணோரமாக இருந்தாள். குர்ஆன் கிராஅத் முடிந்தது, வரவேற்புரை முடிந்தது. கூட்டாளி ஒலிவாங்கியைப் பிடித்தாள். அழகாகப் பேசுவாள், அந்தக் காலத்திலேயே பேச்சுப்போட்டியில் முதலாமிடம் அவளுக்குத்தான்.

"இது எங்கள் பாடசாலையில் நடந்த ஓர் உண்மைச் சம்பவம். நான் பெயர் சொல்லமாட்டேன். முகமும் காட்டமாட்டேன். ஏனென்றால் அந்தப் பிள்ளையைப் பாதுகாப்பது எங்கள் எல்லாருடைய கடமை."

திரையில் சூரியகாந்தி வந்தது. ஆளுயரத்துக்கு. அதன் கீழே பச்சைச் சட்டை, அதன் கீழே அந்தச் செருப்பு. பிள்ளைகள் பக்கமிருந்து ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பிறகு பப்பாசிப்பழம், கருவாட்டுத் தலை, சட்டி மூடி. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விளக்கம் சொன்னாள். வகுப்புக் குரூப்பில் இருபது, முப்பது பேர் பார்த்ததை அன்று முழு ஊரும் பார்த்தது. நான் எழும்பவேண்டும் என்று நினைத்தேன். எழும்பினால் அது என் பிள்ளை என்று நானே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். அப்படி நினைத்ததும் மடத்தனம்தான். பார்க்கவேண்டியவர்கள் எல்லாரும் ஏற்கனவே தூணோரம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போது ஒரு தாயின் குரலைக் கேளுங்கள்" என்றாள்.

பின்னால் மெல்லிய ஹம்மிங் ஒன்றைச் சேர்த்திருந்தாள். அதற்கு மேலே என் குரல்.

"புள்ள, எனக்கு ஏலாம இரிக்கி. அவ கேக்குறா, ஒங்களுக்கு என்ட மூஞ்சப் பார்க்க ஏலாதாண்டு. அவதான் சட்டிய இழுத்தாண்டு நான் இத்தின வருசமாச் சொன்னது பொய் புள்ள. நான்தான் கோவத்துல கரண்டியோட திரும்பினேன். அந்தப் பூவால நான் மறைச்சது அவட தழும்ப இல்ல, என்ட கைய."

மண்டபத்தில் உம்மாமார் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். அதிகாரியும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், என்னோடு தினமும் பஸ்ஸில் வருகிறவள், மெல்ல என் முழங்கையில் கை வைத்தாள். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். தூணோரம் திரும்பிப் பார்த்தேன். மகள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் தேநீர் கொடுத்தார்கள். மகளைத் தேடினேன், காணவில்லை. கூட்டாளி அதிகாரியை வழியனுப்பிவிட்டு முகமெல்லாம் மலர என்னிடம் வந்தாள். வேறு பாடசாலைகளிலும் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கிறார்களாம்.

"என்ன செஞ்சி வச்சிரிக்கிறாய்?" என்றேன்.

"என்ன புள்ள? பேர் சொன்னனா? மூஞ்சக் காட்டினனா?"

"என்ட குரலப் போட்டாயே."

"தாய் ஒருத்திண்டுதானே சொன்னேன். அந்த இடத்துல எத்தின பேர் அழுதாங்க தெரியுமா? சும்மா சட்டம், தண்டனை எண்டு கதைச்சிட்டிரிந்தா ஒருத்தருக்கும் ஏறாது. ஒண்ட கதைதான் ஏறிச்சி. நீ நன்றி சொல்லுவாயெண்டு பார்த்தா…"

அவள் நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு உறவை முறித்துக்கொண்டு போகலாம். இவள் நல்லது செய்வதாக நம்பித்தான் உட்கார்ந்து, என் அழுகையை வெட்டி, ஒட்டி, ஹம்மிங் சேர்த்திருக்கிறாள். எத்தனை தரம் கேட்டிருப்பாள்? ஒரு தரமாவது என் ஞாபகம் வந்திருக்காதா? அந்த வொய்ஸ் அவளுக்கு வரும்போது அது என் கதையாக இருந்தது. அவள் கையில் அது ஓர் உதாரணமாக மாறிவிட்டது. நாற்பது வயதில் ஒரு மனிசியிடம் ஏமாந்தேன், அதுவும் என்னை ஆறு வயதிலிருந்து தெரிந்த மனிசியிடம்.

"இனி என்ட வீட்டு வாசல் மிதிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் என் பின்னால் வந்து, "கோவம் அடங்கினாப் பொறகு ஒனக்கே விளங்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் அஸர் தொழுதுவிட்டு, தொழுகை உடுப்போடு பாயில் இருந்தாள். அழுதிருக்கவில்லை. நான் வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தேன். எண்ணெயைப் பற்றி, என் கோபத்தைப் பற்றி, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைப் பற்றி. அவள் முன்னால் இருந்து மாப்புக் கேட்கத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எண்ணெய் பட்டது பரவாயில்ல உம்மா. நீங்க வேணுமெண்டு செய்யல்லதானே."

"மகள்…"

"ஆனா நான் அண்டைக்கு ஒங்களுக்கிட்டத்தானே கேட்டேன். எனக்கு ஏசிட்டு, குசினிக்குப் போய் மிஸ்ஸுக்குச் சொல்லியிரிக்கிறீங்க."

கூட்டாளி எனக்குச் செய்ததைப் பற்றி அவளிடம் முறையிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்த உடனே வெட்கமாகப் போய்விட்டது. கூட்டாளி எனக்குச் சத்தியம் எதுவும் செய்து தரவில்லை. இந்த விவகாரத்தில் வல்லாஹி சொன்னவள் நான் ஒருத்திதான்.

அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இதற்குப் பிறகு நடந்தவற்றைக் கேட்டால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். அடுத்த திங்கட்கிழமை அவளாகவே சீருடை போட்டு, சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். ஸ்டிக்கர்கள் நின்றுவிட்டன. முதல் ஸ்டிக்கர் செய்த பிள்ளையை அதன் உம்மா கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்க வைத்தாள். மகள் அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். வகுப்புக் குரூப்பைப் பார்க்க ஓர் ஆசிரியையைப் போட்டார்கள். பாடசாலையில் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பஸ்ஸில் என்னைக் காணும் பெண்கள் என்னைப் புகழ்கிறார்கள், உண்மையை ஒத்துக்கொள்ள எத்தனை தாய்மாருக்குத் தைரியம் வரும் என்று. நான் யாரிடமும் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை என்று எத்தனை பேருக்கு விளக்குவது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

வீட்டில் மகள் என்னோடு மரியாதையாக இருக்கிறாள். கேட்டதற்கு விடை சொல்கிறாள். முன்பு பாடசாலை விட்டு வந்தால் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே அன்றைய கதை முழுவதையும் கொட்டுவாள், நான் "மூச்ச விட்டுட்டுக் கதை" என்று ஏசுவேன். இப்போது "ஸ்கூல்ல என்ன நடந்திச்சி?" என்று நான் கேட்கவேண்டும். "ஒண்டுமில்ல உம்மா" என்பாள். இரண்டு தரம் அவளுடைய கண் சிவந்திருந்ததைக் கண்டேன். அப்போதும் ஒண்டுமில்லைதான்.

போன தவணை முடிவில் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் வந்தது. இணையப் பாதுகாப்பு உறுதிமொழியாம். கூட்டாளி தயாரித்தது என்று அதன் தமிழைப் பார்த்தவுடனேயே தெரிந்தது. மாணவர் நிரப்பி, பெற்றார் கையொப்பம் வைத்துக் கொடுக்கவேண்டும். மகள் அதை நிரப்பிக்கொண்டு வந்து, நான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த மேசையில் வைத்தாள். கையைத் துடைத்துவிட்டு வாசித்தேன். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்கமாட்டேன், சரி. பிறரின் படத்தை அனுமதியில்லாமல் பகிரமாட்டேன், சரி. கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. இணையத்தில் யாராவது உம்மைத் தொல்லை செய்தால் முதலில் யாரிடம் சொல்வீர்? பொருத்தமானதின் கீழ்க் கோடிடுக. தாய், தந்தை, ஆசிரியர், நண்பி.

அவள் அடிமட்டம் வைத்து நேர்கோடு இழுத்து நான்கையும் வெட்டியிருந்தாள். பக்கத்தில் தன்னுடைய உருண்டை எழுத்தில், ஒருவரிடமும் இல்லை, என்று எழுதியிருந்தாள்.

"இத இப்படியே குடுக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"ஓம். உண்மையத்தானே எழுதச் சொல்லியிரிக்காங்க." விரலால் தாளின் அடியைக் காட்டினாள். "ஒங்கட கையெழுத்து அங்க, உம்மா. நாளைக்குக் கடைசி நாள்."

பேனையை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் கையொப்பம் வைத்தேன்.